நெடும்பயணத்தின் கடைசி நாட்கள்

பயணம் என்னும் பொருள்பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் புறப்பாட்டின் ஆரவாரத்தையும் இடைவழியிற் கண்ட காட்சிகளையுமே விரித்துரைக்கின்றனர். மூட்டை கட்டியதும், விமானம் ஏறியதும், புதிய நாட்டின் முதற்காட்சி கண்ணிற் பட்டதும் பக்கம் பக்கமாக வருணிக்கப்படுகின்றன. மலையும் ஏரியும் அருவியும் தத்தமக்குரிய அடைமொழிகளோடு வந்து செல்கின்றன. ஆனால் பயணம் முடியுந் தறுவாயிலுள்ள நான்கைந்து நாட்களைப்பற்றி, "பின்னர் ஊர் திரும்பினோம்" என்னும் ஒரு வாக்கியத்திற்குமேல் எழுதினாரைக் காண்பது அரிது. இஃது ஒரு பெருங்குறை என்பதே என் கருத்து. ஒருவன் எத்தகைய பயணி என்பதை அவன் புறப்பட்ட நாள் காட்டாது. மலையுச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படமும் காட்டாது. அதனைக் காட்டும் உரைகல் அவனுடைய கடைசி நாட்களே. இக்கருத்தை ஒரு நாட்டையும் ஒருவகைப் பயணத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கின்றேன்.

நியூஸிலாந்து தேசம் பயணிகளின் பெருவிருப்பிற்கு உரியது. வடதீவு, தென்தீவு என இரு பெருந்தீவுகளாகக் கிடக்கும் அந்நாட்டில் எரிமலையும் வெந்நீரூற்றும் ஒருபால்; பனிமலையும் பனியாறும் மலைகளினூடே புகுந்த கடற்கழியும் மற்றொருபால். அங்கே நெடுநாள் தங்கி நாட்டைச் சுற்ற விழைவார் இருவகை முறைகளைக் கையாளுகின்றனர். உடை, உணவு, படுக்கை, கூடாரம் யாவற்றையும் ஒரு பையில் இட்டு முதுகிற் சுமந்து நடப்பதும், பலர் ஓரறையில் உறங்கும் மலிவான விடுதிகளில் தங்குவதும் ஒரு முறை. இவ்வாறு நடப்பார்க்கென வடதீவின் வடமுனையருகேயுள்ள கேப் ரெயிங்காவிலிருந்து தென்தீவின் தென்கரையிலுள்ள பிளஃப் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நீளமுள்ள 'தே அராரோவா' என்னும் நடைவழி 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இயற்கைப் பாதுகாப்புத் துறையார் காட்டிலும் மலையிலும் 900-க்கு மேற்பட்ட குடில்களைப் பராமரித்து வருகின்றனர். மற்றொரு முறை, காம்பர்வேன் எனப்படும் வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு செல்வது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை ஆகியன அவ்வண்டியினுள்ளேயே அமைந்திருக்கும். வண்டியே வீடு, வீடே வண்டி. யானும் நண்பர் இருவரும் முதலிற் சில வாரம் முதுகுப்பையோடும், பின்னர் இத்தகைய வண்டியோடும் அந்நாட்டில் உலவியதுண்டு. அங்கு யான் கண்டதும் கேட்டதும் ஈண்டுக் கூறும் கருத்திற்குத் துணையாகும்.

கடைசி நாட்களிற் பயணியைப் பற்றும் நோய்கள் இரண்டு. ஒன்று பேராசை, மற்றொன்று அயர்ச்சி. இவை ஒன்றற்கொன்று மாறானவைபோலத் தோன்றினும் ஒரே மனிதனிடத்து ஒருங்கே குடிபுகுதல் கண்கூடு.

பேராசையாவது யாது? கையிலுள்ள நாட்கள் குறையக் குறையக் காணாது விட்ட இடங்களின் பட்டியல் நீளுகின்றது. இன்னும் மூன்று நாளே உள. மில்ஃபர்ட் கடற்கழியைக் காணவில்லை. குக் மலையின் அடிவாரத்தில் நடக்கவில்லை. இவற்றையெல்லாம் காணாது சென்றால் ஊரார் என்ன சொல்லுவர் என்னும் எண்ணம் எழுகின்றது. தேசப்படத்திற் பார்த்தால் யாவும் ஒரு சாண் தூரத்திற் கிடக்கின்றன. குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபர்டுக்குச் சாலைவழி ஏறக்குறைய 290 கிலோமீட்டர். சென்ற வழியே திரும்பவேண்டும். அங்கிருந்து விமானம் ஏறவேண்டிய கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேலும் 480 கிலோமீட்டர். சமவெளியில் ஓடும் நெடுஞ்சாலைக் கணக்கால் இவற்றை அளக்கலாகாது. சாலைகள் மலையைச் சுற்றிச்சுற்றிச் செல்லுவன. ஆற்றுப்பாலங்கள் பலவற்றில் ஒரு வண்டியே செல்ல இடமுண்டு. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்து நிற்றல் வேண்டும். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறமாகவே வண்டி ஓட்டுவர் ஆதலின், நம்மவர்க்கு எல்லாம் எளிதென்னும் துணிவும் எளிதிற் பிறக்கின்றது. வாரக்கணக்கில் வண்டி ஓட்டிச் சோர்ந்த உடலோடு, இரவென்றும் மழையென்றும் பாராது, விமானத்தின் நேரத்தைக் கடிகாரத்திற் பார்த்துக்கொண்டே விரைபவன் தன் உயிரையன்றி எதிர்வருவார் உயிரையும் பணயம் வைக்கின்றான். அச்சாலையில் எதிரே வருபவர் சுற்றுலா வந்தவரல்லர். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துச் செல்லும் தாயாகவோ, கறவைக்குச் செல்லும் உழவராகவோ இருக்கலாம். நம் பட்டியலில் ஓரிடம் குறைந்தமை அவர்க்கு எவ்வாற்றானும் பொறுப்பாகாது.

இனி, வடதீவில் தொடங்கித் தென்தீவில் முடிப்பாரும், தென்தீவினின்று வடதீவு மீள்வாரும் குக் நீரிணையைக் கடத்தல் வேண்டும். வெல்லிங்டனுக்கும் பிக்டனுக்கும் இடையே வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு செல்லும் கப்பல் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்திற் கடக்கின்றது. இரு தீவுகளுக்கிடையே குவிந்து வீசும் காற்றிற்குப் பேர்போனது அந்நீரிணை. கடல் பொங்கும் நாளிற் கப்பல் புறப்படாது. ஒரு நாளும் மிச்சம் வையாது கணக்கிட்டு வந்த பயணி துறைமுகத்தில் நின்று வானத்தை வைதலன்றி வேறொன்றுஞ் செய்ய வல்லனல்லன். காற்று நம் பயணச்சீட்டைப் படித்துப் பார்த்து வீசுவதில்லை.

அயர்ச்சி என்னும் இரண்டாம் நோய் இதனினும் நுட்பமானது. உடல் அந்நாட்டிலிருக்க உள்ளம் முன்னரே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. வந்த புதிதில் ஒவ்வொரு குன்றின்முன்னும் வண்டியை நிறுத்தி வியந்தவன், கடைசி வாரத்தில் பனிமலை செவ்வானத்தில் ஒளிரும்போதும் தலைநிமிராது கைபேசியிற் கண்ணாயிருக்கின்றான். வீட்டிற்குச் சென்றதும் உண்ணும் சோறும், பார்க்கவேண்டிய வேலையும், கட்டவேண்டிய கடனுமே அவன் நெஞ்சில் ஓடுகின்றன. ஒரு விருந்தினன் பந்தியில் அமர்ந்து உண்ணும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தால் விருந்திட்டார் மனம் எவ்வாறிருக்கும்? பயணத்திற்கும் அதுவே.

புறப்பாட்டைவிட மீட்சியே அரிது என்பதற்கு வரலாறு சான்று பகரும். இப்பயணங்கள் பலவும் முடியும் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஏவன் ஆற்றின் அருகே, தென்துருவம் நோக்கிச் சென்ற ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் என்பாரின் பளிங்குச்சிலை ஒன்று நிற்கின்றது. அவருடைய மனைவியாராகிய காத்லீன் ஸ்காட் அதனைச் செதுக்கினார். 1917-ஆம் ஆண்டில் அது நிறுவப்பெற்றது. 185 பேரைப் பலிகொண்ட 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அச்சிலை விழுந்து உடைந்து, 2017-ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஸ்காட்டின் கப்பல் 1910-ஆம் ஆண்டு நவம்பரில் நியூஸிலாந்தினின்றே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. 1912-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அவரும் உடன்சென்ற நால்வரும் தென்துருவம் அடைந்தனர். அதற்கு ஒரு திங்களுக்கு முன்னரே நார்வே நாட்டு அமுண்ட்சென் அவ்விடம் எய்திவிட்டார். மீண்டு வருங்கால் ஐவரும் மாண்டனர். கடைசியாக எஞ்சிய மூவரும் கூடாரத்தினுள் இறந்து கிடந்த இடத்திற்கும், உணவு சேமித்து வைக்கப்பட்டிருந்த கிடங்கிற்கும் இடையே இருந்த தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டரே. போகும் வழி முழுவதும் அவர்களைக் கொல்லவில்லை. வரும் வழியே கொன்றது.

அவர்களுடைய பொருள்களைப் பின்னர்த் தேடிக் கண்டவர்கள், அவற்றோடு ஏறக்குறைய 16 கிலோகிராம் எடையுள்ள பாறைத்துண்டுகளையும் கண்டெடுத்தனர். குளோசாப்டெரிஸ் என்னும் பழந்தாவரத்தின் இலைச்சுவடுகள் அவற்றில் இருந்தன. இந்தியாவிலும் கிடைக்கும் அத்தாவரத்தின் சுவடு தென்துருவக் கண்டத்திலும் கிடைத்தமை, இந்நிலப்பகுதிகள் ஒருகாலத்து ஒன்றாயிருந்தன என்னும் கொள்கைக்குத் துணையாயிற்று. அடி வைக்கவும் வலியற்ற நிலையிலும் அவர்கள் அக்கற்களை எறிந்துவிடவில்லை. சுற்றுலா வண்டியிற் செல்லும் நம்மை அவ்வீரரோடு ஒப்பிடுதல் மடுவை மலையோடு ஒப்பிடுதலாகும் என்பதை யான் அறிவேன். எனினும் இரண்டு பாடங்கள் நமக்கும் பொருந்துவன. மீளும் வழிக்கென வலிமையையும் நாளையும் ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. உடல் சோர்ந்த காலத்தும் ஏற்ற கடமையைக் கைவிடலாகாது என்பது மற்றொன்று.

நிற்க. கடைசி நாட்களிற் பயணிக்குரிய கடமை யாது? அஃது அந்நாட்டிற்குக் கணக்கு ஒப்புவித்தலே என்பேன். இதனைச் சிறிது விளக்குதல் நலம்.

2019-ஆம் ஆண்டில் நியூஸிலாந்திற்கு வந்த வெளிநாட்டார் தொகை ஏறக்குறைய 39 இலட்சம். அந்நாட்டு மக்கட்டொகையோ அக்காலத்து 50 இலட்சத்தை அணுகியிருந்தது. ஐவர் வாழும் வீட்டிற்கு ஓராண்டில் நான்கு விருந்தினர் வந்து தங்கிச் செல்வதுபோன்ற நிலைமை அது. பொதுநிலத்திற் கட்டணமின்றி வண்டியை நிறுத்தி இரவு தங்கும் வழக்கம் அந்நாட்டிற் பன்னெடுநாளாக இருந்துவந்தது. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் எவரும் தங்கலாம், எவரும் கேட்பாரில்லை. வருவார் தொகை பெருகவே சிலர் அவ்வுரிமையைத் தகாதவாறு பயன்படுத்தலாயினர். காலையில் உள்ளூரார் நாயோடு உலாவச் செல்லுமிடத்தில் மனிதக் கழிவும், ஏரிக்கரையில் சோப்பு நுரையும் கண்டால் எவர்தாம் பொறுப்பர்? 2011-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, ஒழுங்கு மீறுவார்க்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. எடுத்து வைத்துக்கொள்ளும் கழிகலம் போதாது, வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறையே வேண்டும் என்று விதித்தனர். மூன்று நாட்களுக்கு வேண்டிய நன்னீரும் கழிவு நீரும் வண்டியிலேயே அடங்குதல் வேண்டும் என்றனர். 2019-ஆம் ஆண்டில் 35 டாலராகத் தொடங்கிய பயணியர் வரி 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 100 டாலராயிற்று. இவ்வளவும் எதைக் காட்டுகின்றன? கதவைத் திறந்து வைத்திருந்த வீட்டுக்காரர், விருந்தினர் செயலைக் கண்டு, கதவைச் சிறிது சாத்திக்கொள்ளத் தொடங்கினார் என்பதையே காட்டுகின்றன. முன்னே சென்றவன் செய்த குற்றத்திற்குப் பின்னே செல்பவன் தண்டம் இறுக்கின்றான்.

அந்நாட்டின் முதற்குடிகளாகிய மாவோரியர் விருந்தோம்பும் பண்பினை 'மானாக்கித்தங்கா' என்பர். நிலத்தையும் நீரையும் காத்தலைக் குறிக்க 'தியாக்கி' என்னும் சொல்லை வழங்குவர். 2018-ஆம் ஆண்டு முதல் இச்சொல்லின் பெயராலேயே, நிலத்தையும் கடலையும் இயற்கையையும் காப்பேன், கவனத்தோடு செல்வேன் என்னும் உறுதிமொழியைப் பயணிகள் முன் வைத்து வருகின்றனர். விருந்தோம்பல் வீட்டார் கடன். காத்தல் வீட்டாரும் விருந்தினரும் ஒருங்கே ஏற்கவேண்டிய கடன். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினன் கடமை என்னும் பெயரால் அதிகாரம் இல்லை. அதனைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை என்று எண்ணினர் போலும்!

கணக்கு ஒப்புவித்தல் பெருஞ்செயலன்று, சிறுசெயல்களின் தொகுதியே. வண்டியின் கழிகலத்தையும் கழிவுநீர்த் தொட்டியையும் அதற்கென அமைந்த இடத்திற் சென்று கவிழ்த்துக் கழுவுதல் ஒன்று. எரிபொருளை நிரப்பி வைத்தல் ஒன்று; டீசல் வண்டியாயின் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ற சாலைவரி உண்டு என்பதை நினைவிற்கொண்டு பணம் ஒதுக்குதல் மற்றொன்று. அடுப்பையும் பாத்திரத்தையும் துலக்குதல், போர்வைகளை மடித்து வைத்தல், கண்ணாடியில் எங்கேனும் கல் பட்டுக் கீறல் விழுந்திருந்தால் அதனை ஒளியாது உரைத்தல் ஆகியவையும் இதன்பாற்படும். வண்டி நிலையங்கள் மாலையில் முன்னேரத்தே அடைக்கப்படுவது உண்டு ஆதலின், இவ்வளவிற்கும் ஒரு முழுநாள் வேண்டும். விமானம் ஏறும் நாளையே வண்டி ஒப்புவிக்கும் நாளாகவும் வைத்துக்கொள்பவன் இவற்றுட் பாதியைச் செய்யான். செய்தாலும் முணுமுணுத்துக்கொண்டே செய்வான்.

இவற்றுள் சிறியதுபோல் தோன்றிப் பெரிதாவது ஒன்றுண்டு. அது காலணியைக் கழுவுதல். 2004-ஆம் ஆண்டில் தென்தீவின் ஆறுகளில் 'டிடிமோ' என்னும் வேற்றுநாட்டு நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றின் அடிக்கற்களைக் கம்பளிபோல் மூடிவிடும் அப்பாசி, ஒரே ஒரு துளி ஈரத்தில் ஓராற்றிலிருந்து மற்றோராற்றிற்குச் செல்ல வல்லது. ஆதலின் 'பார், கழுவு, உலர்த்து' என்னும் மூன்று சொல்லை ஆற்றங்கரைகளில் அறிவித்து வைத்துள்ளனர். வடதீவின் பெருமரமாகிய கௌரியைக் கொல்லும் நோயும் மண்ணிற் படிந்து காலணியோடு செல்வது; அதனால் அக்காட்டின் வாயில்களிலேயே காலணி துடைக்கும் சாதனங்களை அமைத்துள்ளனர். பயணி கடைசி நாளில் தன் காலணியின் சேற்றைக் கழுவுதல் தூய்மைக்காக மட்டுமன்று; ஒருநாட்டு நோயை மற்றொருநாட்டிற்குச் சுமந்து செல்லாமைக்காகவும் ஆம்.

"பணங் கொடுத்தே வந்தோம், வாடகையும் வரியும் செலுத்தினோம், கழுவுதல் அவர்கள் வேலை" என்று ஒருசாரார் வாதிப்பர். இவ்வாதம் கேட்பதற்கு நியாயம்போல் ஒலிப்பினும் ஆராய்ந்தால் நில்லாது. வாடகை வண்டிக்குரியது, மலைக்கும் ஏரிக்கும் வாடகை வாங்கினார் எவருமில்லை. விடியலின் செவ்வொளியை நமக்கு விற்றவர் யார்? விலை கொடாது பெற்ற பொருளுக்கே நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். அந்நாட்டிற் பிறந்த எட்மண்ட் ஹில்லரி 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டென்சிங்குடன் எவரெஸ்டு உச்சியை அடைந்தார். அவர் வேற்றுநாட்டு மலையின்மீது புகழ் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியதோடு அமையவில்லை; அம்மலைச்சாரலில் வாழும் ஷெர்ப்பா மக்களுக்கென 1961-ஆம் ஆண்டில் கும்ஜுங் என்னும் ஊரிற் பள்ளிக்கூடம் எழுப்பினார்; பின்னரும் பல பள்ளிகளும் மருத்துவமனைகளும் அமையத் துணைநின்றார். ஏறியதைவிட இறங்கிவந்து செய்ததே பெரிதென்று கருதுவார் பலர். அவ்வளவு நம்மால் இயலாது. ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்தல் இயலும்.

இனி, விட்டுச்செல்லும் பொருள்களைப்பற்றிச் சொல்லுதல் வேண்டும். பயணம் முடியுங்கால் பாதி தீர்ந்த அரிசியும், உப்பும், எண்ணெயும், அடுப்பிற்குரிய காஸ் உருளையும், தலையணையும் கையில் எஞ்சும். விமானத்தில் இவற்றுட் பல ஏற்றலாகா. பயணியர் விடுதிகளின் சமையலறையில் இவற்றிற்கென ஒரு தட்டு இருக்கும். நாடு நீங்குவார் அதில் வைத்துச் செல்வர். நாடு புகுந்தார் எடுத்துக்கொள்வர். ஒரு விடுதியில், மறுநாள் விமானம் ஏறவிருந்த பெண்மணி ஒருவர், அன்று காலையே வந்திறங்கிய இளைஞர் இருவரை அமர்த்தி, தம்மிடம் மிஞ்சிய பருப்பையும் தேநீர்த் தூளையும் கொடுத்து, எந்தக் கணவாயில் காற்று மிகும், எந்தக் குடிலில் விறகு கிடைக்கும், எந்தக் கரையில் கொசுவினும் கொடிய மணல்ஈக்கள் மொய்க்கும் என்று தேசப்படத்தில் கோடிட்டுக் காட்டியதை யான் கண்டேன். பரிசில் பெற்று மீளும் பாணன், பெறச்செல்லும் பாணனை வழியிற் கண்டு, செல்லும் வழியும் சேருமிடமும் கூறி ஆற்றுப்படுத்துதலையே பொருளாகக் கொண்டு நம் முன்னோர் ஆற்றுப்படை என்னும் நூல்வகை கண்டனர். பத்துப்பாட்டினுள் அவ்வகை நூல்கள் ஐந்து உள. மீள்வோன் செல்வோனுக்கு வழி சொல்லுதல் அவ்வளவு சிறந்த அறமாகக் கருதப்பட்டது. அச்சமையலறையில் யான் கண்டதும் அதுவே. கடைசி நாளை விமான நிலையத்திற்கு ஓடுவதிலேயே கழித்தவர் இவ்வறத்தைச் செய்யும் பேறு பெறார்.

பயணி விட்டுச்சென்ற பொருள் எவ்வெவ்வாறு பயன்படும் என்பதற்குத் தமிழராகிய நமக்கு நெருங்கிய சான்று ஒன்று அந்நாட்டிலேயே உளது. 1834-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்று, மாவோரி மொழியில் நூல் அச்சிட்ட கிறிஸ்தவ ஊழியர் வில்லியம் கொலென்சோ என்பார், 1836-ஆம் ஆண்டை ஒட்டி வடதீவின் வட பகுதியில் மாவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலக் கலமொன்றைக் கண்டார். உற்றுநோக்கின் அது கலமன்று. உடைந்த மணியின் மேற்பகுதி. அதன்மீது தமிழெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மொகைதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். இன்று அது வெல்லிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்திற்கு உரியது. அக்கப்பல் எப்போது எவ்வழியாக அத்தென்கடல் சேர்ந்தது என்பது இன்றளவும் விளங்காப் புதிர். ஆனால் ஒன்று விளங்குகின்றது: நாம் விட்டுச்செல்லும் பொருள் நம்மைவிட நீண்ட நாள் வாழும். அது பிறர்க்குச் சோறு சமைக்கும் கலமாகவும் அமையலாம். பிறர் காலிற் குத்தும் கண்ணாடித் துண்டாகவும் அமையலாம். எதுவாக அமைதல் வேண்டும் என்பதை விட்டுச்செல்பவனே தீர்மானிக்கின்றான்.

கணக்குத் தீர்க்கவேண்டியது நாட்டோடு மட்டுமன்று, உடன்வந்தாரோடும் ஆம். பத்தடி நீளமுள்ள இடத்தில் மூவர் உண்டு உறங்கி வாரக்கணக்கில் வாழ்தல் எளிதன்று. ஈரத்துணியை எங்கே உலர்த்துவது, பாத்திரம் தேய்ப்பவர் யார், வழி தவறியது எவரால் என்பனபோன்ற சிறு பூசல்கள் எழாத வண்டி உலகிலில்லை. நடந்து செல்லும் நாளில் ஒருவரை ஒருவர் முந்திச் சென்று சினந் தணியலாம். மழை பெய்யும் இரவில் வண்டியினுள் எங்கே செல்வது? இம்மனத்தாங்கல்களைத் தீர்க்காது விமானம் ஏறியவர், அவற்றை ஊருக்கும் சுமந்து வருகின்றனர். "சேர்ந்து சென்றோம், பிரிந்து வந்தோம்" என்று கூறும் நண்பரைப் பலரும் கண்டிருப்பர். செலவுக் கணக்கைப் பைசாவரை தீர்த்து, சொல்லவேண்டிய நன்றியையும் கேட்கவேண்டிய மன்னிப்பையும் அந்நாட்டு மண்ணிலேயே பேசி முடித்தல் வேண்டும். இதற்கும் ஓய்ந்த பொழுது வேண்டும். ஓடும் வண்டியில் நண்பர்கள் வழியைப்பற்றிப் பேசுவரேயன்றி நெஞ்சைத் திறந்து பேசுவது அரிது.

ஆகவே, நெடும்பயணத்தின் கடைசி மூன்று நாட்களுக்குப் புதிய காட்சி எதனையும் வகுத்துக்கொள்ளாது, விமான நிலையத்திற்கு எட்டிய தூரத்தில் ஓரிடத்தே தங்குதல் வேண்டும் என்பது என் துணிபு. தென்தீவில் அதற்கேற்ற இடமென யான் கருதுவது டெக்காப்போ ஏரிக்கரை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஏறக்குறைய 225 கிலோமீட்டர். மூன்று மணி நேர வழி. பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரிற் கலந்திருத்தலால் அவ்வேரி இளநீலமும் பசுமையும் கலந்த ஒரு நிறங் கொண்டுள்ளது. கரையில் 1935-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட சிறு கற்கோயில், நல்லாயன் தேவாலயம் என்பது, நிற்கின்றது. அதன் பீடத்தின் பின்னுள்ள சாளரத்தின் வழியே ஏரியும் மலையும் தெரிகின்றன. இரவில் அப்பகுதி முழுவதும் விளக்கொளி அடக்கப்பட்டிருக்கும். 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்நிலப்பரப்பு, இருண்ட வானத்தைக் காக்கும் உலகக் காப்பிடங்களுள் ஒன்றாக 2012-ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்றது. அங்குப் போர்வையைப் போர்த்துக்கொண்டு புல்லில் அமர்ந்து, நம் ஊரில் அடிவானத்தையொட்டியே காணும் தென்வான மீன்களைத் தலைக்குமேற் காண்பதற்கு நுழைவுச்சீட்டு வேண்டுவதில்லை. நேரம் ஒன்றே வேண்டும். நாள்தோறும் புதிய இடங்கண்டு அலைந்தவன் அதுவரை கண்டனவற்றை மனத்தில் அடுக்கி வைத்துக்கொள்வதற்கு அத்தகைய ஓரிடமே தக்கது.

"இவ்வளவு பொருள் செலவிட்டுக் கடல்கடந்து சென்று மூன்று நாட்களை வீணாக்குவதா? மீண்டும் அந்நாட்டைக் காணும் வாய்ப்பு நமக்கு வருமோ வராதோ?" என்று வினவுவார் உளர். இவ்வினா ஒதுக்கத்தக்கதன்று. நம்மனோர்க்கு வெளிநாட்டுப் பயணம் ஆண்டுதோறும் வாய்ப்பதன்று. பலர் கடன்பட்டே செல்கின்றனர். ஆயினும் எண்பது நாளிற் காணாததை எண்பத்துமூன்றாம் நாளில் விரைந்தோடிக் காண்பதனால் கண்டதாகாது; படம் எடுத்ததே ஆகும். மேலும், மீண்டும் வருதல் அரிது என்பதே நன்கு விடைபெறுவதற்குரிய காரணம். நாளை சந்திக்கப்போகும் நண்பனிடம் தெருமுனையில் கையசைத்துப் பிரியலாம். இனிக் காண்போமோ என்னும் ஐயமுள்ள முதியவரிடம் அவ்வாறு பிரிவாருண்டோ? அருகிருந்து, கைபற்றி, நின்று பேசியன்றோ பிரிவோம்? நாடும் அத்தன்மைத்தே.

பயணத்தின் முடிவு நாம் விரும்பிய நாளில்தான் வரும் என்பதும் உறுதியன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள், கொள்ளைநோய் காரணமாக, நியூஸிலாந்து தன் எல்லையை அயலார்க்கு அடைத்தது. ஒரு வாரத்திற்குள் நாடு முழுவதும் வீடடங்கியது. வண்டிகளிற் சுற்றிக்கொண்டிருந்த பயணிகள் பலர் சாலையிற் செல்லவும் ஒண்ணாது, விமானமும் கிடையாது, நின்ற இடத்திலேயே நின்றனர். எல்லை முழுதும் திறக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில்தான். அத்தகைய பொழுதில் ஓர் ஊரார் ஒரு பயணியை எவ்வாறு நோக்குவர் என்பது, அதற்கு முன் வந்த பயணிகள் அவ்வூரில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையும் பொறுத்ததன்றோ?

நம் மாணவர் பலர் மேற்படிப்பிற்கும் தொழிலுக்குமாகக் கடல்கடந்து செல்லுங் காலம் இது. சென்ற நாட்டில் விடுமுறை கிடைத்தபோது முதுகுப்பையோடும் வண்டியோடும் சுற்றிவரும் வாய்ப்பும் அவர்க்குக் கிட்டுகின்றது. அவர்க்கு யான் கூற விழைவது இதுவே: செல்லுங்கள், அஞ்சாது செல்லுங்கள், உலகம் பெரிது, காணத்தக்கது. ஆனால் திட்டம் வகுக்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மீளும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றில் மலைகளையும் ஏரிகளையும் அடைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பெற்றதினும் தூயதாக ஒப்புவியுங்கள். மிஞ்சிய அரிசியைக் குப்பையிற் கொட்டாது பின் வருவார்க்கு வையுங்கள். அறிந்த வழியை அறியாதார்க்குச் சொல்லுங்கள். காலணிச் சேற்றைக் கழுவுங்கள். நண்பரோடு கணக்கைத் தீர்த்துக் கைகுலுக்குங்கள். உங்களுக்குப் பின் அந்நாட்டில் அடிவைக்கும் தமிழ் மாணவர் ஒருவரை, விடுதிக்காரர் முகமலர்ந்து வரவேற்பாராயின், அதில் உங்கள் கடைசி நாட்களின் பங்கும் உண்டு என்று மகிழலாம்.